வேலைக்காக எடுத்த படங்கள்



திரைப்படக் கலையைப் பற்றிப் பேசுமாறு என்னைப் பணித்த அறக்கட்டளையார், எந்த நடிகரையேனும் எந்த மகா காவியப் படத்தையேனும் பற்றி நான் பேசுவேன் என்று எதிர்பார்த்திருக்கலாம். அவற்றைப் பற்றிப் பேசுவோர் பலர் இருக்கிறார்கள். பெரிய ஸ்டூடியோக்கள் எடுத்த சிறிய படங்களைப் பற்றிப் பேசுவோரே அரியர். தியேட்டரில் பிரதான படத்துக்கு முன்னால் ஓடியவை, தொழிற்சாலையில் வேலை கற்பிப்பதற்காக எடுக்கப்பட்டவை, சர்க்கார் உத்தரவுக்காகவும் வியாபாரக் கம்பெனியின் வேண்டுகோளுக்காகவும் தயாரிக்கப்பட்டவை, வேற்று மொழியினருக்காக நம் ஊர்க் கொட்டகைகளிலே உருவானவை ஆகிய இப்படங்கள், ஒரு காரியத்துக்காக எடுக்கப்பட்டு, அக்காரியம் முடிந்தவுடன் மூலையில் எறியப்பட்டன. இவற்றின் சரித்திரத்தைச் சொல்லுவதற்கு, ஒரகடத்திலிருந்தும் வல்லத்திலிருந்தும் இருங்காட்டுக்கோட்டையிலிருந்தும் தொழிலாளர்கள் ஷிப்ட் முடித்து வந்து அமர்ந்திருக்கும், யந்திரங்களின் நடுவே அமைந்த இந்த இடத்தைக் காட்டிலும் பொருத்தமான இடம் வேறில்லை என்பது என் அபிப்பிராயம். அதன் காரணம் போகப் போக விளங்கும்.

அமெரிக்காவில், லாஸ் ஏஞ்சலீஸ் நகரத்தை அடுத்த பர்பாங்க் என்னும் ஊரில், இரண்டாம் உலக யுத்த காலத்தில் இரண்டு ஸ்தாபனங்கள் இருந்தன. ஒன்று லாக்ஹீட் விமானத் தொழிற்சாலை. மற்றொன்று 1940-ஆம் ஆண்டில் அவ்வூருக்குக் குடிபெயர்ந்த வால்ட் டிஸ்னியின் புதிய ஸ்டூடியோ. ஐரோப்பாவில் யுத்தம் மூண்டதனால் அந்நாடுகளிலிருந்து வந்துகொண்டிருந்த வருமானம் அடைபட்டு, அரும்பாடுபட்டு எடுத்த பினாக்கியோவும் ஃபேன்டேஸியாவும் போட்ட முதலைத் தராமற்போக, 1941-இல் சித்திரக்காரர்களின் வேலைநிறுத்தமும் சேர்ந்துகொள்ள, டிஸ்னியின் ஸ்தாபனம் தள்ளாடிக்கொண்டிருந்தது. அதே சமயத்தில் லாக்ஹீட் ஆலையிலோ, யந்திரத்தை முன்பின் கண்டிராத ஆண்களும் பெண்களும் வேலைக்குச் சேர்ந்துகொண்டிருந்தார்கள். அவர்களுக்குத் தொழிலை விரைவாகவும் பிழையின்றியும் கற்பிக்க வேண்டியிருந்தது. இந்த இரண்டு தேவைகளும் சந்தித்தபோது பிறந்ததுதான், விமானத் தகட்டில் ரிவெட் அடிக்கும் நான்கு முறைகளை விளக்கும் ஒரு சித்திரப் படம். 1942-இல் வெளிவந்த அப்படத்தில் மிக்கி எலி இல்லை, பாட்டு இல்லை, சிரிப்பு இல்லை.

அதில் என்ன இருந்தது என்பதைச் சற்று நின்று பார்ப்போம். விமானத்தின் மேல்தகடுகளைப் பிணைக்கும் ரிவெட்டின் தலை, தகட்டுக்கு மேலே புடைத்துக்கொண்டு நிற்குமாயின், பறக்கும்போது காற்று அதில் மோதித் தடைப்படும், வேகம் குறையும், எரிபொருள் வீணாகும். ஆகையால் அத்தலை தகட்டோடு தகடாகப் படிந்து சமமாக இருத்தல் வேண்டும். தகட்டின் கனத்துக்கு ஏற்பத் துளையைச் சாய்வாகக் குடைவதோ, தகட்டையே குழியாக அழுத்துவதோ, எது பொருந்துமோ அதைச் செய்ய வேண்டும். நேரில் நின்று பார்ப்பவன் மேற்பரப்பைத்தான் காண்பான். உலோகத்துக்குள்ளே ரிவெட்டின் தண்டு எப்படி நசுங்கிப் பரவுகிறது, இரண்டு தகடுகளுக்கு நடுவே இடைவெளி எங்கே விழுகிறது என்பதை எந்தக் கேமராவும் காட்ட இயலாது. தகட்டைக் குறுக்கே வெட்டினாற்போல் எழுதிய சித்திரம் காட்டும். பனி வெண்மகளின் (ஸ்நோ ஒயிட்) கண்ணீர்த் துளியை வரைந்து பழகிய கைகள், அலுமினியத் தகட்டின் உட்புறத்தை வரைந்து தொழிலாளிக்குக் காட்டின. இதனைக் கலையின் வீழ்ச்சி என்று சொல்லுவோருடன் நான் உடன்படவில்லை. பார்வைக்கு எட்டாததைப் பார்வைக்குக் கொண்டுவருவது சித்திரக் கலையின் தலையாய தர்மங்களில் ஒன்று.

இதன் தொடர்ச்சியாகக் கனடா தேசத்துத் திரைப்பட வாரியத்தின் தலைவர் ஜான் கிரியர்சன் சில படங்களைச் செய்யச் சொன்னார். அமெரிக்க ராணுவமும் கடற்படையும் தொடர்ந்தன. யுத்தத்தின் உச்சத்தில் அந்த ஸ்டூடியோவின் வேலையில் தொண்ணூறு சதவீதத்துக்கு மேற்பட்டது அரசாங்க வேலையாகவே இருந்தது. மலேரியாக் கொசுவை ஒழிக்கும் வழியைச் சொல்லும் 1943-ஆம் ஆண்டுப் படமொன்றில், பனி வெண்மகளின் ஏழு குள்ளர்களே தேங்கிய நீரில் எண்ணெய் தெளித்தார்கள். யுத்தம் முடிந்த பிறகும் இவ்வேலை நிற்கவில்லை. மோட்டார் எஞ்சினுக்கு ஏற்ற ஸ்பார்க் பிளக்கைத் தேர்ந்தெடுப்பது பற்றி ஒரு படமும், 1946-இல் ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனிக்காகக் கைக்கருவிகளின் அரிச்சுவடி போன்ற ஒரு படமும் எடுக்கப்பட்டன. பின்னதில், கற்கால மனிதன் ஒருவன் சுத்தியையும் அரத்தையும் ஸ்பானரையும் தாறுமாறாகக் கையாண்டு, எதை எப்படிச் செய்யலாகாது என்பதைத் தானே செய்து காட்டுகிறான். இக்கருவிகள் யாவும் இங்கு அமர்ந்திருக்கும் ஐ.டி.ஐ. மாணவர்களின் கையில் தினந்தோறும் புழங்குபவை. டிஸ்னியின் கீர்த்தியைப் பேசும் புத்தகங்களிலோ, இவற்றுக்கு ஓர் அடிக்குறிப்புக் கிடைத்தாலே பெரிது.

இனி நம் நாட்டுக்கு வருவோம். தென்னாட்டுச் சினிமாவின் பிதாமகர் என்று போற்றப்படும் ஆர். நடராஜ முதலியார் யார்? வேலூரிலே பிறந்து, சென்னையில் மோட்டார் வண்டிகளும் அவற்றின் உதிரிப் பாகங்களும் விற்று வாழ்ந்தவர். மோட்டார் உதிரிப் பாகங்கள் இரவும் பகலும் உருவாகும் இந்தப் பிரதேசத்தில் அவருடைய பெயரைச் சொல்லும்போது எனக்கு உண்மையாகவே ஒரு பெருமிதம் உண்டாகிறது. புனாவிலே ஸ்டூவர்ட் ஸ்மித் என்னும் ஆங்கிலேயப் படப்பிடிப்பாளரிடம் கேமராவை இயக்கப் பழகிக்கொண்டு, சென்னை மில்லர்ஸ் சாலையில் ஒரு பங்களாவில் இந்தியா பிலிம் கம்பெனியை அமைத்து, 1917-18 ஆண்டுகளில் கீசக வதம் என்ற படத்தை அவர் எடுத்தார். சென்னையின் வெப்பம் பிலிமைக் கழுவுவதற்கு ஒத்துக்கொள்ளாமையால், பதிவான சுருள்கள் பெங்களூருக்குப் போய்க் கழுவப்பட்டு வந்தன. எந்திரத்தின் மேல் கொண்ட மோகமே அவரைக் கலைக்கு இட்டுச் சென்றது. அந்தக் கீசக வதத்தில் ஓர் அடி கூட இன்று நம்மிடம் இல்லை.

பேசும் படத்தின் கதையும் ஒரு சிறு படத்தில்தான் தொடங்குகிறது என்பதை நம்மவர்கள் மறந்துவிட்டார்கள். 1931-ஆம் ஆண்டு அக்டோபர் 31-ஆம் தேதி சென்னை கினிமா சென்ட்ரலில் வெளியான காளிதாஸே முதல் தமிழ்ப் பேசும் படம் என்று பள்ளிப் பிள்ளையும் சொல்லும். ஆனால் அதற்கு முன்னரே, அதன் கதாநாயகி டி.பி. ராஜலட்சுமியையே கொண்டு, பம்பாய்ச் சாகர் கம்பெனியார் குறத்திப் பாட்டும் ஆட்டமும் அடங்கிய நான்கு ரீல் படம் ஒன்றை எடுத்திருந்தார்கள் என்று திரைப்பட வரலாற்றாசிரியர்கள் எழுதியிருக்கிறார்கள். ஆகவே தமிழ் திரையில் முதலில் ஒலித்தது காளிதாசனைப் பற்றிய பெருங்கதையில் அன்று, மலைநாட்டுக் குறத்தியின் பாட்டிலே என்று கொள்ளலாம்.

அடுத்து ஏ. நாராயணனைச் சொல்ல வேண்டும். சிவகங்கைச் சீமையில் பிறந்து, படங்களை வாங்கி விற்கும் தொழிலில் ஈடுபட்டு, ஹாலிவுட்டுக்கே நேரில் சென்று அங்குள்ள ஸ்டூடியோக்களைக் கண்டு திரும்பிய அவர், 1929-இல் சென்னையில் ஜெனரல் பிக்சர்ஸ் கார்ப்பொரேஷனைத் தொடங்கி, மௌனப் படங்கள் பலவற்றோடு அரசாங்கத் துறைகளுக்கும் வியாபாரக் கம்பெனிகளுக்கும் உபயோகமான சிறு படங்களையும் எடுத்துக் கொடுத்தார். 1934-இல் கீழ்ப்பாக்கத்தில் அவர் நிறுவிய ஸ்ரீநிவாஸ சினிடோனே சென்னையின் முதல் ஒலி ஸ்டூடியோ. அங்கு உருவான சீனிவாச கல்யாணமே முழுக்க முழுக்கச் சென்னையிலேயே தயாரான முதல் தமிழ்ப் பேசும் படம். அதன் ஒலிப்பதிவை ஏற்றவர் நாராயணனின் மனைவி மீனா நாராயணன். இந்தியாவின் முதல் பெண் ஒலிப்பதிவாளர் என்று அவரைச் சொல்லுவது வழக்கம். இந்த வட்டாரத்து ஆலைகளில் செல்பேசிகளின் நுண்ணிய பாகங்களைப் பொருத்தும் ஆயிரக்கணக்கான இளம் பெண்கள், தங்களுக்கு முன்னோடியாக ஒரு பெண் தொண்ணூறு ஆண்டுகளுக்கு முன்பே இம்மாநகரத்தில் மின்யந்திரத்தின் முன் அமர்ந்து தொழில் புரிந்தார் என்பதை அறிந்திருத்தல் நல்லது.

நாராயணனுடைய படங்களில் இவ்வூராருக்கு விசேஷ உரிமையுள்ள ஒன்று உண்டு. உடையவர் என்னும் ராமாநுஜர் அவதரித்த ஸ்ரீபெரும்புதூர் இங்கிருந்து கூப்பிடு தூரம். அந்த மகானின் சரித்திரத்தை 1938-இல் ஸ்ரீ ராமாநுஜர் என்ற பெயரில் நாராயணன் படமாக்கினார். அதற்கு வசனம் எழுதியவர் வ.ரா.; ராமாநுஜராக நடித்தவர் சங்கு சுப்பிரமணியன்; ந. பிச்சமூர்த்தியும் அதில் ஒரு வேடம் தாங்கினார், பாட்டுகள் பாரதிதாசனுடையவை. மணிக்கொடிப் பத்திரிகையைச் சுற்றி நின்ற எழுத்தாளர்கள் கூடி ஓர் ஆசாரியரின் கதையைத் திரைக்குக் கொண்டுவந்ததும், சுயமரியாதை இயக்கத்துக் கவிஞர் அதற்குப் பாட்டெழுதியதும், அக்காலத்தின் மனநிலையை நாம் இன்று பிரித்துப் பார்க்கும் பிரிவுகளுக்குள் அடக்க முடியாது என்பதைக் காட்டுகின்றன. ஜாதி பேதத்தைக் கடந்து மந்திரத்தைக் கோபுரத்தின் மேலேறி முழங்கினவர் என்ற கதை, இரு தரப்பாருக்கும் பொதுவான நிலமாக இருந்திருக்க வேண்டும். நாராயணனோ அடுத்த ஆண்டே, நாற்பது வயதும் நிரம்பாமல், காலமானார்.

நகைச்சுவைத் துணுக்குப் படங்களைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லி மேலே போகிறேன். முப்பதுகளிலும் நாற்பதுகளிலும் பிரதான படத்தோடு ஒரு சிறு ஹாஸ்யப் படத்தை இணைத்துக் காட்டும் வழக்கம் பரவலாயிருந்தது. 1939-இல் வெளியான சிரிக்காதே என்பது அத்தகைய தனித்தனித் துணுக்குகளை ஒரே சரட்டில் கோத்ததுதான். கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணன் தம் பகுதிகளைத் தாமே எழுதி, தனியாகப் படமாக்கி, பிறர் படங்களில் சேர்த்துவிடும் முறையைக் கைக்கொண்டதும் இந்த வழக்கத்தின் வளர்ச்சியே.

யுத்தம் நம் திரையுலகத்தையும் பிடித்தது. கச்சா பிலிம் கிடைப்பது அரிதாகி, ஒரு படம் 11,000 அடிக்கு மேற்படலாகாது என்ற கட்டுப்பாடு வந்தது. 1943-இல் இந்தியப் பாதுகாப்பு விதிகளின் கீழ், ஒவ்வொரு காட்சியிலும் அரசாங்கம் அங்கீகரித்த சிறு படங்களை 2,000 அடி வரையில் காட்டியே தீர வேண்டும் என்று கொட்டகைக்காரர்கள் பணிக்கப்பட்டார்கள். அதுவரை விருப்பத்தைப் பொறுத்திருந்த சிறு படம், அன்று முதல் சட்டத்தின் துணையோடு கிராமத்து டூரிங் கொட்டகை வரையில் சென்றது. ஆனால் கட்டாயப்படுத்திக் காட்டியதைக் காதலிப்பார் யார்? 1946-இல் அந்த ஏற்பாடு கலைக்கப்பட்டு, சுதந்திரத்துக்குப் பின் 1948-இல் பிலிம்ஸ் டிவிஷன் என்னும் அரசாங்கத் துறையாக மறுபடி உயிர் பெற்றது. நம்மில் வயதானவர்கள் யாவரும், படம் தொடங்குவதற்கு முன் வெள்ள நிவாரணத்தையும் அணைக்கட்டுத் திறப்பையும் கண்டவர்களே. நாம் அவற்றை முறுக்குத் தின்னும் நேரமாகக் கழித்தோம். பக்ரா அணையின் கான்கிரீட்டை ஊற்றிய கூலியாளின் முகம் அவற்றில்தான் இருக்கிறது.

எல்லிஸ் ஆர். டங்கன் என்ற அமெரிக்கரை இந்த இடத்தில் நினைக்க வேண்டும். தென் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் சினிமாக் கலை பயின்று, உடன் பயின்ற மாணிக்லால் டாண்டனோடு 1935-இல் இந்தியாவுக்கு வந்து, தமிழில் ஒரு சொல்லும் அறியாமலே சதி லீலாவதி, அம்பிகாபதி, சகுந்தலை, மீரா, மந்திரி குமாரி ஆகியவற்றை இயக்கியவர் அவர் என்பது எல்லோரும் அறிந்தது. யுத்த காலத்தில் அவர் சென்னை அரசாங்கத்துக்காகச் செய்திப் படங்களும் பிரசாரப் படங்களும் எடுத்ததும், 1950-க்குப் பின் தாயகம் திரும்பி, மேற்கு வர்ஜீனியாவில் வீலிங் என்ற ஊரில் தங்கி, தொழில் நிறுவனங்களுக்கும் அம்மாகாணத்துக்கும் தகவல் படங்கள் எடுத்தே மீதி நாட்களைக் கழித்ததும் பலர் அறியாதது. சகுந்தலையில் எம்.எஸ். சுப்புலட்சுமியைப் படம் பிடித்த கண், பின்னர் இரும்பும் நிலக்கரியும் விளையும் ஒரு பள்ளத்தாக்கின் தொழில்களைப் படம் பிடித்தது. அவருடைய வாழ்க்கையில் ஏறுமுகம் முன்னது, இறங்குமுகம் பின்னது என்று எழுதுவோர் உண்டு. இரண்டும் ஒரே தொழிலாளியின் நேர்மையான உழைப்பு என்றே நான் கருதுகிறேன்.

டங்கனின் சம்பந்தத்தோடு, சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் அதிபர் டி.ஆர். சுந்தரமும் ஹாலிவுட் லிப்பர்ட் கம்பெனியும் கூட்டாகத் தயாரித்த ஒரு படமும் உண்டு. தி ஜங்கிள் என்று ஆங்கிலத்திலும் காடு என்று தமிழிலும் 1952-இல் வெளிவந்த அதில், ராட் கேமரனும் சீசர் ரொமேரோவும் மேரி விண்ட்ஸரும் நடித்தார்கள். நம் யானைகளுக்கே உரோமம் போர்த்தி, அழிந்துபோன ஆதிகாலத்து யானைகளாகக் காட்டினார்கள். மிக உயர்ந்த படம் என்று அதைச் சொல்ல மாட்டேன். ஆயினும் ஏற்காடு மலையடிவாரத்துத் தொழிலாளர்கள் ஹாலிவுட் குழுவினரோடு தோள் சேர்ந்து வேலை செய்த சாட்சியம் என்ற வகையில் அது மதிப்புடையது. அதே மாடர்ன் தியேட்டர்ஸில்தான் 1938-இல் முதல் மலையாளப் பேசும் படமான பாலன் உருவாயிற்று, மதுரையில் எஸ்.எம். நாயகத்தின் சித்ரகலா மூவிடோனில்தான் 1947-இல் வெளியான முதல் சிங்களப் பேசும் படம் உருவாயிற்று. அண்டை அயலார் தங்கள் மொழியின் முதற் குரலைக் கேட்டது நம் ஸ்டூடியோக்களின் வாயிலாகத்தான் என்பதை நம் பாடப் புத்தகங்கள் சொல்லுவதில்லை.

இதுவரை சொன்னவற்றையெல்லாம் விட என் நெஞ்சைக் கவர்ந்த ஒரு படத்துக்கு வருகிறேன். கோட்டையூரில் 1911-இல் பிறந்த ஏ.கே. செட்டியார், தோக்கியோவிலும் நியூயார்க்கிலும் புகைப்படக் கலை பயின்றவர். 1937-ஆம் ஆண்டு அக்டோபர் 2-ஆம் தேதி, காந்தியடிகளின் பிறந்த நாளன்று, நியூயார்க்கிலிருந்து அயர்லாந்துக்குச் செல்லும் கப்பலில் அமர்ந்திருக்கையில், மகாத்மாவின் வாழ்க்கையைப் படமாகத் தொகுக்க வேண்டும் என்ற எண்ணம் அவருக்கு உதித்தது. அப்போது அவருக்கு இருபத்தாறு வயதும் நிரம்பவில்லை. பெரிய ஸ்டூடியோ எதுவும் பின்னால் இல்லை. உலகத்தின் பல பகுதிகளில், முப்பது ஆண்டு காலத்தில், நூறு படப்பிடிப்பாளர்கள் வரையில் ஆங்காங்கே எடுத்து வைத்திருந்த துண்டுகளைத் தேடி, தென்னாப்பிரிக்கா உட்படக் கண்டங்கள் கடந்து சுமார் லட்சம் மைல் பிரயாணம் செய்து, ஏறக்குறைய 50,000 அடிப் படத்தைச் சேகரித்து, அதை 12,000 அடியாகச் சுருக்கி, தமிழ் விளக்கவுரையோடு 1940-ஆம் ஆண்டு ஆகஸ்டு 23-ஆம் தேதி சென்னையில் வெளியிட்டார். அடிமைப்பட்ட தேசத்தில், யுத்தத்தின் நடுவில், சர்க்கார் எந்நேரமும் பறிமுதல் செய்யக்கூடும் என்ற நிலையில் செய்த காரியம் இது.

இங்கே ஒரு விஷயத்தை நாம் கவனிக்க வேண்டும். செட்டியார் தொகுத்த துண்டுகளுள் பல, எடுத்தவர்களால் அற்பமாகக் கருதப்பட்டவை: செய்திப் படக் கம்பெனிகளின் மிச்சங்கள், யாரோ ஒரு பிரயாணி கையடக்கக் கேமராவில் எடுத்த சில அடிகள், எதற்காக எடுத்தோம் என்று உரியவரே மறந்துவிட்டவை. ஒருவன் தேடி வந்து கேட்கும் வரையில் அவை பெட்டிக்குள் கிடந்தன. அவற்றை எறியாமல் வைத்திருந்தவர்களின் கருணையினால்தான் அந்தப் படம் சாத்தியமாயிற்று.

பின்னர் செட்டியார் ஹாலிவுட்டுக்குச் சென்று, 1953-இல் இருபதாம் நூற்றாண்டின் தீர்க்கதரிசி என்ற பொருள்படும் ஆங்கில வடிவத்தை உருவாக்கினார். தமிழ் மூலம் கால வெள்ளத்தில் மறைந்தது. அந்த ஹாலிவுட் வடிவத்தின் சுருக்கப்பட்ட பிரதி ஒன்றைப் பல்லாண்டு கழித்து ஆராய்ச்சியாளர் ஆ. இரா. வேங்கடாசலபதி, ஸான் பிரான்ஸிஸ்கோ மாகாணப் பல்கலைக்கழகத்தில் கண்டெடுத்தார். கோட்டையூர்க்காரர் ஒருவரின் உழைப்பை நாம் காண்பதற்குப் பசிபிக் சமுத்திரக் கரைக்குப் போக வேண்டியிருந்தது என்றால், அது நம் நூல்நிலையங்களின் நிலையைப் பற்றி வருத்தத்தோடு நினைக்கச் செய்கிறது.

ஹாலிவுட்டோடு நமக்குள்ள இன்னொரு தொடர்பையும் சொல்லுவேன். 1940-ஐ ஒட்டி இயக்குநர் கே. சுப்பிரமணியத்தின் ஸ்டூடியோ தீக்கு இரையாகி ஏலத்துக்கு வந்தபோது, அதனை வாங்கி ஜெமினி என்று பெயரிட்டவர் எஸ்.எஸ். வாசன்; அங்கிருந்து 1948-இல் சந்திரலேகா புறப்பட்டதை நாடே அறியும். அதே ஜெமினி 1947-இல் ஆர்.கே. நாராயண் எழுதிய கதையைக் கொத்தமங்கலம் சுப்புவைக் கொண்டு மிஸ் மாலினி என்று எடுத்ததையோ சிலரே அறிவர். அதன் பிரதி இன்று பார்க்கக் கிடைப்பதில்லை. தீயில் ஸ்டூடியோவை இழந்த சுப்பிரமணியத்தின் புதல்வர் எஸ். கிருஷ்ணசாமி, கதைப் படங்களின் பக்கம் திரும்பாமல் தகவல் படங்களையே தம் வாழ்நாள் தொழிலாகக் கொண்டு, சிந்துவெளி முதல் இந்திரா காந்தி வரையிலான இந்திய வரலாற்றை நெடும்படமாக ஆக்கினார். 1976-இல் அதனை வெளியிட முன்வந்தது ஹாலிவுட்டின் வார்னர் பிரதர்ஸ். நம்மவர் எடுத்த ஒரு தகவல் படம், ஹாலிவுட் ஸ்டூடியோ ஒன்றின் பட்டியலில் இவ்வாறு இடம் பெற்றது.

ஏன் இவை அழிந்தன என்று கேட்பீர்கள். அக்காலத்துப் பிலிம் நைட்ரேட் என்னும் எளிதில் பற்றிக்கொள்ளும் வஸ்துவால் ஆனது. நம் வெப்பத்தில் அது தானே மக்கியது. தப்பியவையும் மேற்பூச்சிலுள்ள வெள்ளிக்காக விலைக்குப் போய்க் கழுவப்பட்டன. தென்னிந்திய மௌனப் படங்களில் ஏறக்குறைய முழு உருவில் இன்று பார்க்கக் கிடைப்பது 1933-இல் எடுத்த மார்த்தாண்ட வர்மா ஒன்றே. அதுவும் அதன் மூல நாவலின் உரிமையைக் கொண்டிருந்த திருவனந்தபுரத்துப் பதிப்பகத்தார் வழக்குத் தொடுத்து, படப் பெட்டியைக் கைப்பற்றி, தங்கள் கிட்டங்கியில் வைத்திருந்தமையால் பிழைத்தது. 1974-இல் புனாவின் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் அதைப் பெற்றுக்கொண்டது. நம் முன்னோரின் ஒரு படத்தைக் காப்பாற்றியது கலை அபிமானம் அன்று, நீதிமன்றத் தீர்ப்பு. கதைப் படத்துக்கே இக்கதியென்றால், ரிவெட் அடிக்கக் கற்பிக்கும் படத்துக்கும் கொசுவை ஒழிக்கும் படத்துக்கும் வழக்குப் போட யார் முன்வருவார்?

இனி, இவ்விடத்தில் இதையெல்லாம் நான் எடுத்துரைப்பதன் காரணத்தைச் சொல்லுகிறேன். செம்பரம்பாக்கத்து ஏரியைக் கடந்து இங்கு வருகையில், வழியிலே படப்பிடிப்பு அரங்கங்கள் தென்படுகின்றன. சினிமா அங்கேதான் எடுக்கப்படுகிறது என்று எண்ணுகிறோம். என் நோக்கில், இந்த நெடுஞ்சாலையின் இரு மருங்கிலும் உள்ள ஆலைகளில் அதைவிட அதிகமான படங்கள் எடுக்கப்பட்டு வருகின்றன. 1990-களின் இறுதியில் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் புறப்பட்டது முதல், 2010-இல் ஒரகடத்தில் ரெனோ-நிஸ்ஸான் ஆலை திறந்தது, பின்னர் பாரத்பென்ஸ் லாரியும் ராயல் என்பீல்டு மோட்டார் சைக்கிளும் இங்கு உருவாகத் தொடங்கியது வரையில், ஏரிப் பாசனத்தில் நெல் விளைந்த பூமி யந்திர பூமியாக மாறிய சரித்திரம் ஒரு தலைமுறைக்குள் அடங்கிவிட்டது. புதிதாகச் சேரும் தொழிலாளிக்கு முதல் நாளில் பாதுகாப்புப் படம் காட்டுகிறார்கள். தீ அணைக்கும் ஒத்திகையையும், பிரஸ் யந்திரத்தில் கை சிக்காதிருக்கும் முறையையும், கைசன் என்று நீங்கள் சொல்லும் சிறுசிறு சீர்திருத்தங்களையும் படமாக்குகிறார்கள். ஒடிசாவிலிருந்தும் பீஹாரிலிருந்தும் வந்தவர்களுக்காக ஹிந்தியிலும் ஒடியாவிலும் குரல் சேர்க்கிறார்கள். ஆயுத பூஜையன்று ரோபோவுக்குச் சந்தனம் குங்குமம் இட்டு, சர்க்கரைப் பொங்கல் விநியோகிப்பதையும் பதிவு செய்கிறார்கள்.

அதே ஆலைகளில் தொழிலாளி தன் செல்பேசியை வாயிற்காப்போனிடம் ஒப்படைத்துவிட்டோ, அதன் கேமராவின் மேல் ஸ்டிக்கர் ஒட்டப்பெற்றோதான் உள்ளே போகிறான். தொழில் ரகசியத்தைக் காக்கும் அந்த விதியை நான் குறை கூறவில்லை. ஆனால் அதன் விளைவு யாதெனில், இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் காஞ்சிபுரம் மாவட்டத்தில் லட்சக்கணக்கான இளைஞர்கள் எவ்வாறு நின்றார்கள், எவ்வாறு கை அசைத்தார்கள், எந்தச் சீருடை அணிந்தார்கள், எந்தத் தமிழில் ஒருவருக்கொருவர் வேலை சொன்னார்கள் என்பதற்குச் சலனப் படச் சாட்சியமாக, கம்பெனிகள் தாமே எடுத்துக்கொண்ட இந்தப் படங்களைத் தவிர வேறு எதுவும் எஞ்சப் போவதில்லை. அந்த லைன் மாற்றப்பட்டவுடன் அந்தப் படம் அழிக்கப்படுகிறது. கணினி மாற்றப்படும்போது மிச்சமும் போகிறது. 2006 முதல் 2014 வரையில் ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா ஆலை நடந்தது. பல்லாயிரம் பேர், அவர்களில் பெரும்பாலோர் இளம் பெண்கள், அங்கே வேலை பார்த்தார்கள். ஆலை மூடி பத்தாண்டுக்கு மேலாயிற்று. அந்த அசெம்பிளி வரிசையின் சலனப் படம் ஒன்றைத் தம் பெண்ணுக்குக் காட்ட விரும்பும் ஒரு தாய், இன்று எங்கே போய்க் கேட்பார்?

ஆகையால் இச்சபையின் முன் ஒரு வேண்டுகோளை வைக்கிறேன். இவ்வட்டாரத்துக் கல்லூரி நூல்நிலையம் ஒன்றில், ஆலைகள் எடுத்த பயிற்சிப் படங்களையும் விழாப் படங்களையும் வாங்கி வைப்பதற்கு ஓர் அலமாரியும் ஒரு கணினியும் ஒதுக்கப்பட வேண்டும். ரகசியம் உள்ளதென்று கருதும் கம்பெனி, இருபத்தைந்து ஆண்டு வரையில் யாரும் திறக்கலாகாது என்று முத்திரையிட்டுக் கொடுக்கலாம். அதனை மதிப்பது நூல்நிலையத்தின் கடமை. படத்தோடு கூட, எந்த ஆண்டு, எந்த ஷாப், எந்த யந்திரம், குரல் கொடுத்தவர் யார், எந்தெந்த மொழியில் என்னும் விவரங்களையும் எழுதி வாங்க வேண்டும். விவரம் இல்லாத படம் பாதிப் படமே. மனிதவளத் துறையினரிடம் மட்டும் கேட்டால் போதாது. சுங்குவார்சத்திரத்திலும் ஸ்ரீபெரும்புதூர்க் கடைவீதியிலும் கல்யாண வீடியோ எடுக்கும் ஸ்டூடியோக்காரர்களே பெரும்பாலும் ஆலைகளின் பூஜைக்கும் ஓய்வு பெறுவோரின் வழியனுப்பு விழாவுக்கும் அழைக்கப்படுகிறார்கள். பழைய மினி கேஸட்டுகளும் தட்டுகளும் அவர்களுடைய பீரோவில் இருக்கும். மாணவர்கள் இருவர் இருவராக முதலில் அவர்களிடம் போகட்டும்; கேஸட்டைக் கேட்காமல், அதைப் பிரதி செய்துகொள்ள மட்டும் அனுமதி கேட்கட்டும். அப்பிரதிக்கு ஆகும் செலவை இந்த ஆண்டு எனக்கென ஒதுக்கிய சன்மானத்திலிருந்து எடுத்துக்கொள்ளுமாறு அறக்கட்டளையாரைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன், அவர்களும் இசைந்திருக்கிறார்கள்.